சார்பாகப் பேசுகிறேன்

ஏப்ரல் 4, சனி

இந்த டைரியின் அட்டையில் மஞ்சள் கவுன் போட்ட ஒரு பெண் இரண்டு விரலைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு சிரிக்கிறாள். பெயர் மினோரி. ஒரு பாட்டுக் குழுவில் ஆடிப் பாடுகிறவள். என் மகள் ஆதிரை அவளுடைய பரம ரசிகை. ஒவ்வொரு டைரிக்குள்ளும் ஒரு படம் வைத்திருப்பார்களாம். எந்தப் படம் என்று வாங்கிப் பிரித்தால்தான் தெரியுமாம். அதனால் ஒரே டைரியை இரண்டு வாங்கி, படத்தை எடுத்துக்கொண்டு ஒரு டைரியை என் தலையில் கட்டிவிட்டாள்.

சங்கரன்கோவில் கோமதிநாயகம், வயது நாற்பத்தேழு, டோக்கியோவில் உட்கார்ந்து இதில் எழுதுகிறேன். ஊரில் யாராவது பார்த்தால் வழித்துக்கொண்டு சிரிப்பார்கள்.

எழுத என்ன இருக்கிறது? செண்பகத்துக்கு இன்னும் தொண்டை சரியாகவில்லை. வசந்த காலம் வந்தால் இங்கே மரத்துப் பூந்தூள் பறந்து ஊரே தும்மும். என் மனைவிக்கும் அதுதான். என்னிடம் சொல்ல வேண்டியதையெல்லாம் ஆதிரையிடம் சொல்லி அனுப்புகிறாள்.

"அப்பா, ரசம் அடுப்புல இருக்குன்னு அம்மா சொல்லச் சொன்னாங்க."

நாங்கள் மூன்று பேரும் ஒரே அறையில்தான் இருந்தோம். ரசத்தையும் நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

பிறகு தென்காசியில் இருக்கும் தங்கச்சியிடம் வெகுநேரம் போனில் பேசிச் சிரித்தாள். தமிழ்நாட்டுக்குப் பேசினால் தொண்டை வலிக்காது போலிருக்கிறது.

ஏப்ரல் 6, திங்கள்

கோர்வையாக எழுதினால்தான் எனக்கே விளங்கும்.

மார்ச் கடைசியில் என் போனுக்கு ஒரு பெண்மணி கூப்பிட்டார். ஸ்டேஷன் பக்கத்தில் பென்தோ கடை வைத்திருக்கும் தகாகி அம்மா. டப்பாவில் சோறும் பொரித்த அயிட்டமும் வைத்து விற்கிற கடை. அங்கே பகுதி நேர வேலைக்குச் செண்பகம் எழுதிப் போட்டிருந்தாள். எனக்குத் தெரியும். ஆனால் பொழுது போகாமல் செய்தது என்று விட்டுவிட்டேன். ஏப்ரலிலிருந்து வரச் சொல்லுங்கள் என்றார் அந்த அம்மா.

செண்பகம் கூச்சப்படுகிறவள். முடியாது என்று சொல்லத் திண்டாடுவாள். அவளுக்கு எதற்கு அந்தச் சங்கடம் என்று, ஆபீசில் இங்கிலீஷிலேயே ஒன்பது வருடம் ஓட்டிவிட்ட நான், எனக்குத் தெரிந்த ஓட்டை ஜப்பானிய மொழியை எடுத்துவிட்டேன். வீட்டில் வேலை அதிகம், வர மாட்டாள், மன்னிக்கவும். பக்குவமாகச் சொல்லி முடித்தேன். அந்த அம்மாவும் பலமுறை மன்னிப்புக் கேட்டுவிட்டு வைத்தார்.

சாப்பிடும்போது செண்பகத்திடம் விஷயத்தைச் சொன்னேன். "சரி" என்றாள். என்னிடம் அவள் கடைசியாகப் பேசியது அதுதான். மறுநாள் காலையில் தொண்டை கட்டிக்கொண்டது.

சரி என்றால் சரிதானே? வேறு என்ன அர்த்தம் இருக்க முடியும்?

ஏப்ரல் 10, வெள்ளி

ஆபீஸ் பிள்ளைகளை இன்றும் கரோக்கேக்குக் கூட்டிக்கொண்டு போனேன். சின்ன அறையில் மைக்கைப் பிடித்து ஆளுக்கொரு பாட்டுப் பாடுவது. வெள்ளிக்கிழமைதோறும் என் செலவு. மேனேஜர் என்றால் முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டுமா என்ன? எனக்குக் கீழே இருப்பவர்கள் எனக்குத் தம்பி தங்கைகள்.

அதிலும் ஹொசோதா மேல் எனக்குத் தனிப் பிரியம். இருபத்துநாலு வயது. வாயைத் திறக்கவே காசு கேட்பான். அவன் மேஜையில் ஒரு சின்னப் பிளாஸ்டிக் பொம்மை நிற்கிறது. பார்த்தால் மஞ்சள் கவுன், கன்னத்தில் இரண்டு விரல்! ஓடிப்போய் என் டைரியை எடுத்துவந்து எல்லார் முன்னாலும் காட்டினேன். "நீயும் எங்க வீட்டுக் கட்சிதானா?" என்று முதுகில் தட்டினேன். காது சிவந்து சிரித்தான்.

மினோரியின் பாட்டை அவனைப் பாட வைத்தேன். கொஞ்சம் என்று இழுத்தான். இங்கே எல்லாவற்றுக்கும் கொஞ்சம் என்று இழுத்துவிட்டு மீதியைச் சொல்ல மாட்டார்கள். கொஞ்சம் என்ன கொஞ்சம், முழுசாகவே பாடு என்று மைக்கைக் கையில் திணித்தேன். தரையைப் பார்த்துக்கொண்டு பாடினான். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று அவனுக்கு விளக்கினேன். அதற்கும் சிரித்தான்.

ஏப்ரல் 15, புதன்

ராத்திரிச் சாப்பாட்டில் கொரொக்கே இருந்தது. நம்ம கட்லெட்டின் ஒன்றுவிட்ட தம்பி. உருளைக்கிழங்கைப் பிசைந்து ரொட்டித்தூளில் புரட்டிப் பொரிப்பது. மேலே மொறுமொறுப்பு, உள்ளே வெண்ணெய். எங்கே வாங்கினது என்று கேட்டேன். "கடையில" என்றாள் ஆதிரை, தட்டைப் பார்த்தபடி.

"ஜப்பான்காரன் கைப்பக்குவம் தனிதான். நம்ம வீட்டுல செஞ்சா இப்படி வருமா? அம்மாட்ட சொல்லு" என்றேன்.

"அம்மா, அப்பா சொல்றாங்க..." என்று அவள் தொடங்கினாள். செண்பகம் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். அவள் முதுகு குலுங்கியது. தும்மலாக இருக்கும்.

அவள் புறங்கையில் எண்ணெய் தெறித்த தழும்பு இரண்டு இருந்தது. மருந்து போடச் சொல்லி ஆதிரை மூலம் சொல்லி அனுப்பினேன்.

ஏப்ரல் 24, வெள்ளி

ஹொசோதா இன்று கரோக்கேக்கு வர முடியாது என்பதுபோல் முகத்தை வைத்துக்கொண்டு என் மேஜைப் பக்கம் இரண்டு முறை வந்தான். மூன்றாம் முறை நானே எழுந்து தோளில் கை போட்டேன். "களைப்பா? பாடினா எல்லாம் போயிரும். வா" என்றேன். வந்தான். கல்யாணம் எப்போது என்று கேட்டேன். எனக்குத் தெரிந்த ஜப்பானிய மொழியில் அது ஒன்று நன்றாக வரும்.

வீட்டில் அலமாரி மேல் துவைத்த வெள்ளைத் தலைக்குட்டை ஒன்று மடித்து வைத்திருக்கிறது. யாருடையது என்று தெரியவில்லை. கேட்கலாமென்றால் ஆதிரை டியூஷன் போயிருந்தாள்.

மே 7, வியாழன்

நீள விடுமுறை முடிந்து இன்றுதான் ஆபீஸ். ஹொசோதாவின் நாற்காலி காலி. பொம்மையையும் காணோம்.

எங்கள் குழுவின் போன் அடித்தது. நான்தான் எடுத்தேன். ஒருவன் இங்கிலீஷில், தேனில் குழைத்த குரலில், "ஹொசோதா-சான் சார்பாகப் பேசுகிறேன்" என்றான். சான் என்பது இங்கே பெயரோடு ஒட்டுகிற மரியாதை. உடம்பு சரியில்லையா என்று பதறினேன். இல்லை, அவர் இன்றோடு வேலையை விட்டுவிட்டார், அடையாள அட்டையைத் தபாலில் அனுப்புவார், அவரோடு நேரடியாகத் தொடர்புகொள்ள வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறார் என்றான்.

"நீங்க அவனுக்கு யாரு? அண்ணனா, மாமாவா?"

இல்லையாம். அவனை இவன் பார்த்ததே இல்லையாம். வேலையை விடுகிறேன் என்று முதலாளியிடம் சொல்லத் தயங்குகிறவர்களுக்காகப் போன் பண்ணிச் சொல்வதுதான் இவனுடைய கம்பெனியின் தொழிலாம். அதற்குக் கட்டணமாம். "அவனையே பேசச் சொல்லுய்யா!" என்று தமிழிலேயே கத்திவிட்டேன். பணியாளர் பிரிவு இனொவே-சான் ஓடிவந்து போனை வாங்கி, சுவரைப் பார்த்துக் குனிந்து குனிந்து கும்பிட்டுப் பேசி முடித்தார். சுற்றி இருந்தவர்கள் அதிர்ச்சியே இல்லாமல் டைப் அடித்துக்கொண்டிருந்தார்கள். விடுமுறை முடிந்தால் இந்த மாதிரிப் போன்கள் வருவது இங்கே இப்போது வழக்கமாம்.

நம் பாட்டில் கிளியைத் தூது விட்டார்கள், மேகத்தைத் தூது விட்டார்கள். அதெல்லாம் காதலுக்கு. நான் வரவில்லை என்று சொல்ல ஒரு தூதா? பத்தடி தள்ளி உட்கார்ந்திருந்தவன், என் முகத்துக்கு நேரே சொல்ல முடியாமல் முன்பின் தெரியாதவனைக் கூலிக்குப் பிடிப்பானா? என்ன ஊர் இது?

வீட்டுக்கு வந்து ஆதிரையிடம் சொல்லிப் பொருமினேன். அவள் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "அம்மா சாப்பிட வரச் சொல்றாங்க" என்றாள். செண்பகம் கையில் கரண்டியோடு என் எதிரே நின்றுகொண்டிருந்தாள்.

மே 8, வெள்ளி

இனொவே-சான் என்னைத் தனியறைக்குக் கூப்பிட்டு ஒரு வீடியோ போட்டுக் காட்டினார். அதிகாரத்தைக் காட்டினால் அது ஒரு ஹராஸ்மென்ட். குடி என்று வற்புறுத்தினால் இன்னொன்று. பாடு என்றால் ஒன்று, கல்யாணம் எப்போது என்றால் ஒன்று. ஒவ்வொன்றுக்கும் 'ஹரா' என்று முடிகிற செல்லப் பெயர் வேறு. எங்கள் ஊரில் ஹரா என்றால் கோவில் ஞாபகம் வரும். இங்கே ஹரா என்றால் வேலைக்கு வேட்டு.

பாட்டு, கல்யாணம் இரண்டையும் விட்டுவிட்டால் எங்கள் பக்கம் ஒரு மனுஷன் இன்னொரு மனுஷனிடம் என்னதான் பேசுவான்? "ஹொசோதா என் மேல புகார் சொன்னானா?" என்று கேட்டேன். "இல்லை. உங்களைப் பற்றி ஒரு வார்த்தைகூடக் குறையாகச் சொல்லவில்லை" என்றார். பிறகு ஏன் எனக்கு வீடியோ? அதற்கு அவர், "கொஞ்சம்..." என்று இழுத்து நிறுத்திவிட்டார்.

கரோக்கே ரத்து. மனசே சரியில்லை. அந்தப் பையன் மேல் எனக்கு அவ்வளவு பாசம் இருந்தது.

மே 13, புதன்

பூந்தூள் காலம் முடிந்துவிட்டதாகச் செய்தியில் சொன்னார்கள். தெருவில் யாரும் தும்மவில்லை. செண்பகத்தின் தொண்டை அப்படியேதான் இருக்கிறது.

மே 16, சனி

மினோரி பாட்டுக் குழுவை விட்டுப் போகிறாள். அதற்குப் பெயர் பட்டமளிப்பாம். மேடை போட்டு, கடைசியாக ஒருமுறை ஆடிப் பாடி, ரசிகர்களிடம் விடைபெறுவாளாம். ஆதிரை ஒரு வாரமாக அழுதுகொண்டிருக்கிறாள். அவளைத் தனியாக அனுப்ப மாட்டோம். எப்போதும் செண்பகம்தான் துணைக்குப் போவாள். "அம்மாவுக்கு இன்னைக்கு வேலை இருக்காம். நீங்க வர்றீங்களான்னு கேக்கச் சொன்னாங்க." சனிக்கிழமை வீட்டில் அப்படி என்ன வேலை என்று தெரியவில்லை. போனேன்.

மண்டபத்துக்கு வெளியே ஊரே மஞ்சளாக நின்றது. சமயபுரத்துக்குப் பாதயாத்திரை கிளம்பிய கூட்டம் மாதிரி இருந்தது. பெரிய பெரிய ஆபீசர்கள்கூடக் கழுத்தில் மஞ்சள் துண்டு போட்டு நின்றார்கள். நடுவில் ஒருவன் குச்சி மாதிரியான ஒரு மஞ்சள் விளக்கை ஆட்டிக்கொண்டு, தொண்டை கிழிய அவள் பெயரைக் கத்திக்கொண்டிருந்தான். பக்கத்தில் இருந்தவர்களுக்கு எப்போது எப்படிக் கத்த வேண்டும் என்று சொல்லியும் கொடுத்தான். அவன் திரும்பினான். ஹொசோதா!

என் மேஜைக்கு முன்னால் எச்சில் விழுங்கி நின்றவனுக்கு இவ்வளவு பெரிய குரலா?

தொடர்புகொள்ளக் கூடாது என்று சொன்னது ஞாபகம் இருந்தது. கால்தான் கேட்கவில்லை. "ஹொசோதா!" என்று கூப்பிட்டு எதிரே போய் நின்றுவிட்டேன். அவன் முகத்தில் ரத்தமே இல்லை. விளக்கை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு இடுப்பு முறியக் குனிந்தான். பதற்றத்தில் அவனுக்கு இங்கிலீஷ் வரவில்லை. எனக்கு ஜப்பானிய மொழி வரவில்லை. அவன் ஆதிரையைப் பார்த்துப் பேசத் தொடங்கினான். அவள் எனக்குச் சொன்னாள்.

"மன்னிச்சுக்கங்கன்னு சொல்றாரு. நீங்க ரொம்ப நல்லவராம்."

"நல்லவன்னா என்ட்டயே சொல்லிருக்கலாமே? ஏன் ஆள் வச்சான்?"

அவள் கேட்டாள். அவன் தரையைப் பார்த்தபடி வெகுநேரம் பேசினான்.

"கெட்டவங்களா இருந்தா அவரே சண்ட போட்டுட்டுப் போயிருப்பாராம். நல்லவங்ககிட்டச் சொல்லத்தான் ஆள் தேவப்பட்டுச்சாம். அவரு வாயத் தொறக்கறதுக்குள்ள, அவருக்கும் சேத்து நீங்களே பதில் சொல்லிருவீங்களாம். அவரு என்ன நெனைக்கிறார்னு ஒங்களுக்கு அவரவிட நல்லாத் தெரிஞ்ச மாதிரி. மினோரிய அவரு யார்ட்டயுமே சொல்லாம வச்சிருந்தாராம். நீங்க எல்லார்ட்டயும் சொல்லிட்டீங்களாம்."

"சரி, நடந்தது நடந்துபோச்சு. திங்கக்கிழமை வேலைக்கு வந்துரச் சொல்லு. நான் இனொவே-சான்ட்ட அவனுக்காகப் பேசிக்கிடுதேன்" என்றேன்.

ஆதிரை என்னையே பார்த்தாள். "இத நான் சொல்ல மாட்டேன்பா."

"ஏன்?"

"அவரு இப்பத்தானே அதச் சொன்னாரு?"

அவனிடம் அவள் வேறு ஏதோ சொன்னாள். அவன் எனக்கு இன்னொரு முறை குனிந்துவிட்டுக் கூட்டத்துக்குள் போய்விட்டான்.

உள்ளே மினோரி பாடினாள், ஆடினாள். கடைசியில் மைக்கைப் பிடித்துக்கொண்டு பேசினாள். குரல் நடுங்கியது. ஆயிரக்கணக்கான மஞ்சள் விளக்குகள் அசையாமல் நின்றன. ஆதிரை அழுதுகொண்டே என் காதில் சொன்னாள்: "இது நானே யோசிச்சு எடுத்த முடிவு, அதனால நானே ஒங்ககிட்டச் சொல்ல வந்தேன்னு சொல்றா."

திரும்பி வரும்போது ரயிலில் அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"அப்பா, நானும் வேலைய விடுறேன்."

"நீ எந்த வேலைக்குப் போற?"

"ஒங்களுக்கும் அம்மாவுக்கும் நடுவுல போயிட்டுப் போயிட்டு வர்ற வேல. இன்னையோட எனக்குப் பட்டமளிப்பு. நான் ஆள் வைக்கல, நானே ஒங்ககிட்டச் சொல்றேன். அம்மாகிட்டயும் வீட்டுக்குப் போய் நானே சொல்லிக்கிறேன்."

சிரிக்கப் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை.

மே 17, ஞாயிறு

சாம்பாரில் உப்பு இல்லை. சொல்ல ஆளில்லை. அப்படியே சாப்பிட்டேன்.

ஆதிரை காதில் பாட்டை மாட்டிக்கொண்டு அறையில் இருக்கிறாள். நானும் செண்பகமும் கூடத்தில் இருந்தோம். டிவி ரிமோட் அவள் பக்கம். எனக்குப் பிடிக்காத சமையல் நிகழ்ச்சி ஓடியது. அதில் ஒருவர் சொன்ன வேடிக்கைக்கு அவள் வாய்விட்டுச் சிரித்தாள். அவளுக்கு இவ்வளவு ஜப்பானிய மொழி புரியும் என்று எனக்குத் தெரியாது. வட்டார மையத்து மொழி வகுப்புக்கு வருடக்கணக்காகப் போய்க்கொண்டிருந்தாள். என்ன படித்தாய் என்று ஒருநாளும் நான் கேட்டதில்லை.

தொண்டை இல்லை. காரணம் தொண்டை இல்லை என்று எனக்கு எப்போதோ தெரியும். இதை எழுதிவிட்டு அடித்துவிடலாமா என்று பார்த்தேன். இருக்கட்டும்.

அவள் என்னோடு இனிமேல் பேசவே மாட்டாளோ என்று பயமாக இருக்கிறது.

மே 18, திங்கள்

"செண்பகம்" என்று கூப்பிட்டேன். திரும்பினாள். அதற்கு மேல் என்ன சொல்வதென்று தெரியவில்லை. ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு ஆபீஸ் வந்துவிட்டேன்.

மே 20, புதன்

வழி கண்டுபிடித்துவிட்டேன் என்று நினைத்துத்தான் இன்று அரை நாள் லீவு போட்டேன். முள்ளை முள்ளால் எடுப்பது. போனில் நான் கெடுத்ததை நானே நேரில் போய்ச் சரிசெய்வது. தகாகி அம்மாவைப் பார்த்து, அன்றைக்கு நான் சொன்னது தப்பு, என் மனைவி வேலைக்கு வருவாள் என்று சொல்லி, வேலையை வாங்கிக்கொண்டு போய் அவள் கையில் கொடுப்பது. நான்கு வாக்கியம் ஜப்பானிய மொழியில் எழுதி மனப்பாடம் பண்ணினேன். 'என் மனைவியின் சார்பாகப் பேசுகிறேன்' என்பது முதல் வாக்கியம். தெரு முழுக்க முணுமுணுத்துக்கொண்டே போனேன்.

மத்தியான நேரம். கடையில் வரிசை நின்றது. நானும் நின்றேன். உள்ளே எண்ணெய் கொதிக்கிற சத்தம். வருகிறவர்களை வரவேற்று ஒரு பெண்குரல் கணீரென்று ஒலித்தது. நம் செண்பகத்தின் கூச்சத்தில் பாதி இருந்தால்கூட ஒருத்தியால் இப்படிக் கத்த முடியாதே என்று யோசித்தபடி நகர்ந்தேன். முன்னால் நின்ற ஆள் விலகினான்.

வெள்ளைத் தலைக்குட்டை. கையில் இடுக்கி. செண்பகம்.

என் நான்கு வாக்கியமும் எங்கே போயிற்றோ தெரியவில்லை. அவள் மற்றவர்களுக்குச் சொன்ன அதே வரவேற்பை எனக்கும் அதே சத்தத்தில் சொன்னாள். ஜப்பானிய மொழியில் ஏதோ கேட்டாள். விழித்தேன். பின்னால் வரிசை நீண்டது. அடுப்படியிலிருந்து தகாகி அம்மா எட்டிப் பார்த்து, அடையாளம் தெரிந்தோ தெரியாமலோ ஒரு கும்பிடு போட்டார்.

"நீ... எப்பருந்து?"

செண்பகம் இடுக்கியைக் கீழே வைத்தாள். தமிழில், என் முகத்தைப் பார்த்து, நேராகச் சொன்னாள்.

"நீங்க போன்ல சொன்னதுக்கு மறுநாளே நான் வந்து பேசிட்டேன். அது அவுக பேசுனது, இது நான் பேசுதேன்னு சொன்னேன். சேத்துக்கிட்டாவ."

எத்தனை நாளாகக் கேட்காத குரல். தொண்டை சுத்தமாக இருந்தது.

மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று எனக்கு இருந்தது. ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்கவும் இருந்தது. பதிலை நானே சொல்லிவிடுவேனோ என்று பயமாகவும் இருந்தது. பின்னால் நின்றவர் லேசாகச் செருமினார்.

"ஆளு நிக்காங்க. என்ன வேணும்?" என்றாள். மேலே மாட்டியிருந்த பலகையைப் பார்த்தேன். பாதி எழுத்துப் புரியவில்லை. வழக்கமாக இந்த மாதிரி இடங்களில் ஆதிரையைத்தான் கேட்கச் சொல்வேன். செண்பகம் எனக்கு உதவவில்லை. "நீங்களே சொல்லுங்க" என்றாள்.

"இதுல நீ செஞ்சது எது?" என்று கேட்டேன்.

கண்ணாடிப் பெட்டிக்குள் கையை நீட்டினாள். பொன்னிறமாக, ஒரே அளவில், வரிசையாகக் கொரொக்கே.

"அன்னைக்கு வீட்டுல தின்னதும் இதுதானா?"

"அன்னைக்குத் தின்னது, அதுக்கு முந்தித் தின்னது, எல்லாம் இதுதான்."

"அதுல ரெண்டு குடு" என்றேன்.

காகிதத்தில் சுற்றி, எல்லாருக்கும் கொடுப்பதுபோல் இரண்டு கையாலும் நீட்டினாள். கடைக்கார மரியாதையை ஜப்பானிய மொழியில் முழுசாகச் சொல்லி முடித்துவிட்டு, குரலைத் தணித்துக்கொண்டாள்.

"ஆறிரும். சூடாத் தின்னுங்க. உப்பு சரியா இருக்கான்னு சாயங்காலம் வந்து நீங்களே என்ட்ட சொல்லுங்க."

கடைக்கு வெளியே நின்றுகொண்டே தின்றேன். உப்பு சரியாக இருந்தது. சாயங்காலம் அவள் வருகிறவரை வாசல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தேன்.